சீருடையைக் கழற்றிய பின் தொழிற்சாலைக்குள் நுழைய நான் பட்ட பாடு

ராணுவத்தில் 24 ஆண்டுகள் பணியாற்றி, ஹவில்தாராக ஓய்வுபெற்றுக் கடலூருக்குத் திரும்பியவன் நான். இ.எம்.இ. என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் மின்னணு, இயந்திரப் பொறியியல் படைப்பிரிவில் கவச வாகன மெக்கானிக்காக இருந்தேன். இன்று புதுச்சேரியில் உள்ள ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் ஷிப்ட் பொறுப்பாளராக இருக்கிறேன். இந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவே ஓராண்டுக்கும் மேலான காலமும் 85,000 ரூபாயும் போய்விட்டன. நமக்கு இனி யாரும் வேலை தரமாட்டார்கள் என்று இரவில் தூக்கம் வராமல் புரண்ட நாட்களும் அந்த ஓராண்டில் உண்டு. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் முதலில் சேர்ந்த பிள்ளைகள் தங்கள் நான்கு ஆண்டுகளை நிறைவு செய்து ஊர் திரும்பும் காலம் வந்துவிட்டது. அவர்களில் அதிகபட்சமாக 25 சதவீதத்தினருக்குத்தான் படையில் தொடர இடம் உண்டு. மற்றவர்களுக்கு ஓய்வூதியமும் கிடையாது. எனக்காவது மாதம் பிறந்தால் பென்ஷன் வந்தது. அந்தப் பிடிமானம்கூட இல்லாதவர்கள் நான் போன வழியிலேயே போய் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஓய்வுபெறும் ஒருவருக்கு மறுவாழ்வுப் பயிற்சி என்று ஒன்று உண்டு. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மறுவாழ்வுப் பொது இயக்குநரகம், அதாவது டி.ஜி.ஆர்., ஜவான்களுக்கும் இளநிலை அதிகாரிகளான ஜே.சி.ஓ.க்களுக்கும் கட்டணமில்லாமல் பல பயிற்சிகளை நடத்துகிறது. ஓய்வுக்கு முந்தைய காலத்திலேயே, பணியில் இருந்தபடியே அதற்குப் போகலாம். நான் அப்போது எல்லைப்புறத்தில் இருந்தேன், பயிற்சிக்குப் போகும் வாய்ப்பு அமையவில்லை. ஆகவே இன்னும் சீருடையில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: ஓய்வுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் இருக்கும்போதே எந்தத் துறைக்குப் போகப் போகிறோம் என்பதைத் தீர்மானித்துவிடுங்கள். பயிற்சிப் பட்டியல் வந்த பிறகு எதில் இடம் இருக்கிறதோ அதில் பெயர் கொடுப்பது வேறு, கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் சி.என்.சி. இயந்திரமோ தொழில்துறை மின்னணுவோ தொழிற்சாலைப் பாதுகாப்போ என்று முன்பே முடிவுசெய்து, அதைக் கேட்டு வாங்குவது வேறு. சம்பளம் வந்துகொண்டிருக்கும் நாட்களில் கற்பது எவ்வளவு பெரிய வசதி என்பது சம்பளம் நின்ற பிறகுதான் தெரிகிறது.

ஊருக்கு வந்த முதல் சில வாரங்கள் உறவினர் வீட்டு விசேஷங்களிலும் நிலம் தொடர்பான வேலைகளிலும் கழிந்தன. அதன் பிறகு பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கத் தொடங்கினார்கள். "பட்டாளத்துல இருந்து வந்தவருக்கு என்னங்க கவலை, ஏ.டி.எம்.லயோ பேங்க்லயோ செக்யூரிட்டி வேலை உடனே கிடைக்குமே" என்பார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். 1986 முதல் இயங்கிவரும் டெக்ஸ்கோ எனப்படும் தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகத்தின் வழியாக எத்தனையோ முன்னாள் வீரர்கள் காவல் பணியில் சேர்ந்து குடும்பத்தைக் காப்பாற்றி வருகிறார்கள். அந்த வேலையில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால், பி.எம்.பி.-2 கவச வாகனத்தின் 300 குதிரைத்திறன் டீசல் எஞ்சினைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு பேரிங்கின் இடைவெளியையும் அளந்து, மறுபடியும் கோத்து ஓட்டிக் காட்டிய கைகள் என்னுடையவை. நாற்பத்து மூன்று வயதில் அந்தக் கைகளுக்கு வேலை இல்லை என்று ஒப்புக்கொள்ள என் மனம் இடம் கொடுக்கவில்லை. என் மனைவியும், "நீங்க கத்துக்கிட்ட தொழில்லயே பாருங்க, வீட்டுச் செலவை நான் சமாளிச்சுக்கறேன்" என்றாள்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வேலைவாய்ப்புக்குப் பதிவு செய்தேன். இதை ஊர் வந்ததும் செய்துவிட வேண்டும். அடையாள அட்டையும் பதிவும் இல்லாமல் எந்த ஒதுக்கீட்டையும் எந்தச் சலுகையையும் கேட்க முடியாது. புதுச்சேரிவாசிகளுக்கு அங்குள்ள முப்படை நலத்துறையில் பதிவு. முன்னாள் ராணுவத்தினருக்கு வேலை தேடித் தரும் ராணுவ நல அமைப்பான ஏ.டபிள்யூ.பி.ஓ.விலும் பெயர் கொடுத்து வைக்கலாம். தனியார் நிறுவனங்கள் நேரடியாக அங்கே ஆள் கேட்கின்றன. பதிவு செய்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருக்காமல் நானே தொழிற்சாலைகளைத் தேடிப் புறப்பட்டேன்.

கடலூரில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறதே என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். நம் சிப்காட் பெரும்பாலும் ரசாயன ஆலைகளைக் கொண்டது. பம்ப், வால்வு, பாய்லர், இன்ஸ்ட்ருமென்டேஷன் தெரிந்தவர்களுக்கு, குறிப்பாகக் கப்பற்படையில் எஞ்சின் அறையில் இருந்தவர்களுக்கு, அங்கே பொருத்தமான வேலைகள் உண்டு. உலோகத்தைக் கடைந்து துல்லியமான பாகங்களாக மாற்றும் தொழில் வேண்டுமென்றால் முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போக வேண்டும். சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, திருபுவனை என்று அங்கே தொழிற்பேட்டைகள் பரவிக் கிடக்கின்றன. இன்னும் பெரிய வாய்ப்பு வேண்டுமென்றால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவை. 2019 ஜனவரியில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்கள் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகியவை. அவற்றில் ஒன்றுகூட நம் பக்கத்தில் இல்லை. வாழ்நாளில் பாதியைக் குடும்பத்தைப் பிரிந்து கழித்துவிட்டு மறுபடியும் வெளியூர் போவதா என்ற தயக்கம் எல்லாருக்கும் வரும். அந்த முடிவை வேலை தேடத் தொடங்குவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி எடுத்துவிட வேண்டும். வேலை உறுதியான பிறகு மறுப்பது இரு தரப்புக்கும் நஷ்டம்.

முதல் நேர்காணல் புதுச்சேரியில் ஒரு நடுத்தர நிறுவனத்தில் நடந்தது. மனிதவளப் பிரிவில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். என் சுயவிவரத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், ஐ.டி.ஐ. சர்டிபிகேட் இருக்கா? என்ன மெஷின்ல வேலை பார்த்திருக்கீங்க, எந்த கன்ட்ரோலர்?" என்று கேட்டார். கன்ட்ரோலர் என்பது சி.என்.சி. இயந்திரத்தை இயக்கும் கணினி. நான் எந்தெந்தப் பட்டாலியனில், எந்தெந்தப் பணிமனையில் இருந்தேன், எந்த வகுப்புத் தேர்வில் எந்த ஆண்டு தேறினேன், என்னென்ன பதக்கங்கள் பெற்றேன் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அவர் தேடியது எதுவும் அதில் இல்லை. பதினைந்து ஆண்டுகள் பணியாற்றிய, பத்தாம் வகுப்பு முடித்த வீரரின் தகுதி மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளுக்குப் பட்டப்படிப்புக்கு இணையாகக் கொள்ளப்படும் என்பதையும் எடுத்துச் சொன்னேன். அது அரசு வேலைக்கு உதவும், தனியார் நிறுவனத்தின் வாசலில் அதற்கு மதிப்பில்லை. "கூப்பிடறோம் சார்" என்றார். அழைப்பு வரவில்லை. இதேபோல வேறு இடங்களிலும் நடந்தது. ஒரு பணிமனையே என் பொறுப்பில் இருந்த காலம் போய், வாசல் காவலரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு வெயிலில் நின்றபோது அடைந்த மனவேதனையை இப்போதும் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு தனியார் பயிற்சி மையத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. சி.என்.சி. புரோகிராமிங், ரோபாட்டிக்ஸ், இயந்திரங்களைத் தானாக இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியான பி.எல்.சி. மூன்றும் சேர்த்துச் சில மாதங்களில் பயிற்சி, நூறு சதவீத வேலை உறுதி, முன்னாள் ராணுவத்தினருக்குச் சிறப்புச் சலுகை என்று அச்சிட்டிருந்தார்கள். கட்டணம் 85,000 ரூபாய், முழுவதும் முன்பணம். பணிக்கொடையாக வந்த தொகையிலிருந்து எடுத்துக் கட்டினேன். வகுப்பு தொடங்கிய பிறகு பார்த்தால், அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சி.என்.சி. லேத் இருந்தது, அதுவும் பெரும்பாலான நாட்கள் துணி போட்டு மூடப்பட்டிருந்தது. கணினித் திரையில் சிமுலேட்டரை ஓட்டிக் காட்டினார்கள். ரோபாட் என்று சொன்னது படக்காட்சியோடு முடிந்தது. இறுதியில் தந்த சான்றிதழில் அந்த மையத்தின் பெயரைத் தவிர வேறு எந்த அமைப்பின் முத்திரையும் இல்லை. உறுதியளித்த வேலை என்பது ஓர் ஒப்பந்தக்காரரின் கீழ் பாகங்களை ஏற்றி இறக்கும் பணி. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு நிபந்தனையைக் காட்டினார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்த பிறகு பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள், ஆனால் பணம் இன்றுவரை வந்து சேரவில்லை. அந்தக் காலத்தில் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஏமாற்றியவர்கள் தலைநிமிர்ந்து நடக்க, நான் தலைகுனிந்து நடந்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். எந்தப் பயிற்சி மையத்திலும் பணம் கட்டுவதற்கு முன் இயந்திரத்தைக் கண்ணால் பாருங்கள், அது ஓடிக்கொண்டிருக்கும்போது பாருங்கள். ஃபானுக்கா, சீமென்ஸா, எந்த கன்ட்ரோலர் என்று கேளுங்கள். ஒரு மாணவருக்கு இயந்திரத்தின் முன் தனியாக எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள், சி.என்.சி.யைத் திரையில் மட்டும் பார்த்துக் கற்க முடியாது. சான்றிதழை யார் வழங்குகிறார்கள், அதில் உள்ள எண்ணை அரசு இணையதளத்தில் சரிபார்க்க முடியுமா என்று விசாரியுங்கள். கட்டணத்தைத் தவணையாகப் பெற மறுக்கும் இடத்தையும், முறையான ரசீது தர இழுத்தடிக்கும் இடத்தையும் விட்டு விலகிவிடுங்கள். முந்தைய அணியில் படித்தவர்களின் தொலைபேசி எண்களைக் கேட்டு வாங்கி, அவர்கள் இப்போது எங்கே என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று நீங்களே பேசித் தெரிந்துகொள்ளுங்கள். அக்னிவீரர்கள் இதை இரட்டிப்புக் கவனத்தோடு படிக்க வேண்டும். நான்காண்டு முடிவில் அவர்கள் கைக்கு வரும் சேவா நிதி ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய். அந்தத் தொகை கையில் இருப்பது ஊருக்கே தெரியும். அதைக் குறிவைத்து வருகிறவர்களும் கட்டாயம் இருப்பார்கள்.

நான் கட்டிய 85,000 ரூபாயில் ஒரு பங்கைக்கூடச் செலவழிக்காமல் கற்றுக்கொள்ள வழிகள் இருந்தன என்பதைப் பிறகு அறிந்தபோதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. தொழில்நுட்ப மையம் புதுச்சேரியிலேயே சுமார் 122 கோடி ரூபாயில் அமைக்கப்பட்டு, 2022 ஜனவரி 12 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. மின்னணுச் சாதன வடிவமைப்பும் உற்பத்தியும் அதன் முதன்மைத் துறை. தகவல்தொடர்பைக் கவனிக்கும் சிக்னல்ஸ் பிரிவிலோ விமானப்படையின் ரேடார் பிரிவிலோ இருந்தவர்கள் முதலில் ஏறி இறங்க வேண்டிய வாசல் அது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு இணைந்து நவீனப்படுத்தும் பணியில், முதல் கட்ட மையங்களை 2023 ஜூலையில் தொடங்கி வைத்தார்கள், ரோபாட், சி.என்.சி. போன்றவை அங்கே வந்திருக்கின்றன. உங்களுக்கு அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யின் முதல்வரை நேரில் சந்தித்து, குறுகியகாலப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். ஏற்கெனவே தெரிந்த தொழிலுக்குச் சான்றிதழ் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு, முன்னறிவு அங்கீகாரம் என்ற முறையில் துறைசார் திறன் குழுமங்கள் தேர்வு வைத்துச் சான்று வழங்குகின்றன. வாகன மெக்கானிக்குகளுக்கு வாகனத் துறைத் திறன் குழுமத்தின் சான்று நல்ல துணை.

என் வழி திறந்தது ஒரு சிறிய பட்டறையில். எங்கள் படைப்பிரிவில் எனக்கு முன்பே ஓய்வுபெற்று ஓசூரில் பணிபுரியும் சுபேதார் ஒருவர், "பெரிய கம்பெனியை விடு. ஏதாவது ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில போய் ஆறு மாசம் நில்லு. கூலி கம்மியா இருந்தாலும் மெஷின் உன் கையில இருக்கும்" என்றார். மற்ற நிறுவனங்களுக்காகக் கூலிக்குப் பாகங்களைக் கடைந்து கொடுப்பதுதான் ஜாப் ஒர்க். புதுச்சேரி மேட்டுப்பாளையம் பகுதியில் மூன்று சி.என்.சி. இயந்திரங்கள் வைத்திருந்த ஒரு பட்டறை முதலாளியிடம் போய், பயிற்சியாளர் கூலிக்கு இரவு ஷிப்டில் நிற்கிறேன் என்றேன். கடலூரிலிருந்து பேருந்தில் போய்வருவேன். அங்கே எனக்குக் கற்றுக்கொடுத்தவன் இருபத்து மூன்று வயது ஆப்பரேட்டர். என்னை அண்ணே என்று அழைப்பான், நான் தம்பி என்பேன். வேலைக்கான ஆரம்பப் புள்ளியை ஜி54இல் எப்படிப் பதிவது, டூல் தேய்ந்தால் ஆஃப்செட்டில் மைக்ரான் கணக்கில் எப்படித் திருத்துவது, முதல் பீஸை எடுத்ததும் எந்தெந்த அளவை எந்த வரிசையில் பார்ப்பது என்று பொறுமையாகச் சொல்லித் தந்தான். மைக்ரோமீட்டரும் டயல் கேஜும் எனக்குப் பழகிய கருவிகள். அளவெடுப்பதில் என் கை அவனுடையதைவிட நிதானமாக இருந்தது. புரோகிராமைப் படிப்பதில் அவன் என்னைவிடப் பல மடங்கு வேகம். தன் மகன் வயதுப் பையனிடம் பாடம் கேட்கத் தயங்குகிறவர்களுக்கு இந்தத் தொழில் வராது. தயக்கத்தை விட்டுவிட்டால் சில மாதங்களில் நிச்சயம் வரும்.

ஓர் இரவு, லேத்தில் பாகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஹைட்ராலிக் சக்கில் அழுத்தம் குறைவு என்று அலாரம் வந்து இயந்திரம் நின்றுவிட்டது. காலையில் அனுப்ப வேண்டிய சரக்கு பாதியில் கிடந்தது. சென்னையிலிருந்து சர்வீஸ் எஞ்சினியர் வர மறுநாள் மதியம் ஆகும் என்றார்கள். அந்த எண்ணெய் அழுத்தத்தைத் தரும் பவர் பேக்கின் அருகில் நான் போய் நின்றேன். பம்ப் சீராக ஓடாமல் ஒரு மாதிரி சீறிக்கொண்டிருந்தது, பிரஷர் கேஜின் முள் ஓரிடத்தில் நிற்காமல் நடுங்கியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எண்ணெய் போதுமான அளவு பம்புக்கு ஏறாதபோது கவச வாகனத்தின் ஹைட்ராலிக் பம்ப்களும் இப்படித்தான் சீறும். மின் இணைப்பைத் துண்டித்து, அழுத்தத்தை இறக்கி, தொட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், உறிஞ்சு குழாயின் வலைவடிகட்டியில் துடைக்கும் துணியின் நூலும் இரும்புத் துகளும் சேறுபோல அப்பியிருந்தன. அதைக் கழுவி, எண்ணெயை வடிகட்டி, குறைந்ததை நிரப்பி, காற்றை வெளியேற்றி ஓட்டியபோது முள் தன் இடத்தில் போய் நின்றது. விடிவதற்குள் சரக்கு தயாரானது. மறுநாள் அந்த முதலாளி என்னிடம், "ஹவில்தார் சார், நீங்க ஆப்பரேட்டர் வேலை தேடிக்கிட்டிருக்கீங்க, உங்க இடம் மெயின்டனன்ஸ்" என்றார்.

ஓராண்டாக நான் தட்டிக்கொண்டிருந்தது எனக்குரிய கதவே அல்ல என்பது அப்போதுதான் விளங்கியது. ஆப்பரேட்டர் பணிக்கு நிறுவனங்கள் எடுப்பது டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ முடித்த இருபது வயதுப் பிள்ளைகளை. நாற்பதைக் கடந்தவர் அந்த வரிசையில் நின்றால் கடைசியில்தான் நிற்பார். இயந்திரம் நிற்காமல் பார்த்துக்கொள்வதும், நின்றால் காரணத்தைக் கண்டுபிடிப்பதும், பதிவேட்டை நாள் தவறாமல் எழுதுவதும், அவசரத்திலும் பாதுகாப்பு விதியை மீறாமல் இருப்பதும் ராணுவப் பணிமனையில் நம் ரத்தத்தில் ஊறியவை. தொழிற்சாலைகளில் டி.பி.எம். என்று சொல்லும் முழுமைப் பராமரிப்பு முறையைப் படித்தபோது, படையின் வாகன நிறுத்துமிடத்தில் வாராந்தரப் பராமரிப்பு நாளில் நாங்கள் செய்த அதே வேலைகள் வேறு படிவங்களில் இருப்பதைக் கண்டேன். சிக்னல்ஸ் பிரிவினருக்கு பி.எல்.சி., சென்சார், தொழிற்சாலை வலையமைப்பு ஆகியவை விரைவில் பிடிபடும். விமானப்படைத் தொழில்நுட்பப் பணியாளர்கள் ஏ.எஸ்.9100 தரச்சான்று பெற்ற விமான உதிரிபாக நிறுவனங்களைத் தேட வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் கணக்கு வைக்கும் அவர்களது பழக்கத்தை அங்கே உள்ளவர்கள் நன்கு அறிவார்கள். தளவாடக் கிடங்குகளைக் கவனிக்கும் ஆர்டினன்ஸ், படைக்கு உணவும் எரிபொருளும் வழங்கும் ஏ.எஸ்.சி. பிரிவினருக்குக் கிடங்கு மேலாண்மையும் சரக்கு ஓட்டமும். காலாட்படையில் இருந்தவர்களுக்குத் தொழில்நுட்பப் பின்னணி குறைவு என்பதால் பாதை சற்று நீளம்தான். ஆனாலும் பாதுகாப்பு மேற்பார்வை, தரப் பரிசோதனை போன்றவற்றை முறையாகப் படித்து உள்ளே நுழைந்து, பிறகு மேலே ஏறியவர்களை நான் நேரில் அறிவேன்.

சுயவிவரத்தை அந்தச் சுபேதாரின் உதவியோடு முழுவதும் மாற்றி எழுதினேன். பட்டாலியன் பெயர்களும் ராணுவச் சுருக்கெழுத்துகளும் ஒரே வரியில் அடங்கின. "கவச வாகன மெக்கானிக், முதல் வகுப்பு" என்று மட்டும் இருந்த இடத்தில், 300 குதிரைத்திறன் டீசல் எஞ்சின்களை முழுமையாகப் பிரித்துச் சீரமைத்தல், ஹைட்ராலிக் மற்றும் நியூமேட்டிக் அமைப்புகளில் பழுது கண்டறிதல், பேரிங் இடைவெளி அளத்தல், தடுப்புப் பராமரிப்பு அட்டவணை தயாரித்தல், மெக்கானிக்குகள் அடங்கிய அணியை வழிநடத்தல், உதிரிபாக இருப்பைக் கணக்கிடுதல் என்று எழுதினோம். அதன் கீழே பட்டறையில் கற்ற இயந்திரங்கள், கன்ட்ரோலர்களின் பெயர்கள். பதக்கங்கள் கடைசி வரிக்குப் போயின. எழுதும்போது ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை: ராணுவ ரகசியத்துக்குரிய எதையும், இருப்பிடங்களையோ படை எண்ணிக்கையையோ கருவிகளின் வெளியே தெரியாத திறன் விவரங்களையோ, வேலைக்காகக்கூட எழுதக் கூடாது. செய்த வேலையின் தன்மையைச் சொன்னால் போதும். இந்தப் புதிய சுயவிவரத்தோடு போன நேர்காணலில் கேள்வி கேட்டவர் பராமரிப்பு மேலாளர். மனிதவளப் பிரிவைத் தாண்டி அந்தத் துறையின் மேலாளர் வரை உங்கள் தாள் போய்ச்சேர வேண்டும் என்பதுதான் முக்கியம். அதற்கு அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் ஒரு முன்னாள் வீரரின் பரிந்துரை மற்ற எல்லாவற்றையும்விட வலிமையானது.

சம்பளப் பேச்சு வரும்போது ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: "உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே சார்." என்னிடமும் கேட்டார்கள். பென்ஷன் முன்பு செய்த பணிக்கானது, இந்தச் சம்பளம் இனி செய்யப்போகும் பணிக்கானது என்று அமைதியாகச் சொன்னேன். அவர்கள் முதலில் சொன்ன தொகை உயர்ந்தது. தனியார் நிறுவனத்தில் சேர்ந்தால் ராணுவ ஓய்வூதியம் நின்றுவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை, இரண்டையும் பெறலாம். நிறுவனத்தின் நேரடிப் பணியாளரா, ஒப்பந்தக்காரரின் ஆளா என்பதையும், வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் உண்டா என்பதையும் நியமனக் கடிதத்தில் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். சொந்தத் தொழில் எண்ணம் உள்ளவர்களுக்கு, தமிழ்நாடு அரசு 2024 சுதந்திர தினத்தன்று அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் ஒரு கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 30 சதவீத மானியமும் வட்டியில் 3 சதவீத மானியமும் உண்டு. ஆனால் இயந்திரத்தின் முன் சில ஆண்டுகள் நிற்காமல், ஜாப் ஒர்க் தரும் நிறுவனங்களைப் பழகாமல், கடன் வாங்கி சி.என்.சி. பட்டறை போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

வேலையில் சேர்ந்த பிறகு பழக வேண்டியவையும் சில இருந்தன. சொன்னதும் நடக்கும் இடத்திலிருந்து வந்தவனுக்கு, ஏன் செய்ய வேண்டும் என்று கேட்கும் இளைஞர்களோடு வேலை செய்வது முதலில் கடினமாக இருந்தது. அவர்கள் கேட்பதற்கு விளக்கம் சொல்லத் தொடங்கியதும் என் வேலை எளிதாயிற்று. தொழிற்சாலையில் ஒரு நிமிடம் இயந்திரம் நின்றாலும் அதற்குப் பணக் கணக்கு உண்டு என்பதால், கச்சிதமாகச் சரிசெய்வதற்கு முன் தற்காலிகமாக ஓட்ட முடியுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். எதில் அதற்குச் சம்மதிக்கலாம், எதில் உயிருக்கு ஆபத்து என்று பிடிவாதமாக நிற்க வேண்டும் என்பதில் ராணுவ அனுபவம் எனக்குத் துணிவு தருகிறது.

ஓய்வுக்கு நெருங்கியவர்கள் பணியிடத்தை விட்டு வெளியேறுவதற்கு முன் சேகரிக்க வேண்டிய தாள்கள் இவை: வகுப்பு உயர்வுத் தேர்வுகளின் சான்றுகள், படைக்குள் பெற்ற ஒவ்வொரு பயிற்சியின் சான்று, எந்த வகை வாகனத்தில் அல்லது கருவியில் எத்தனை ஆண்டுகள் பணி என்பதற்கு அதிகாரியின் கையொப்பமிட்ட பொதுவான ஒரு கடிதம். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பெயரும் பிறந்த தேதியும் தொழிலின் பெயரும் ஆதாரோடும் பள்ளிச் சான்றோடும் பொருந்துகின்றனவா என்று அங்கேயே சரிபாருங்கள். வெளியே வந்த பிறகு திருத்த வேண்டுமென்றால் ஆவணப் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க நேரும், எங்கள் படைப்பிரிவுக்கு அது செகந்திராபாத்தில் இருக்கிறது. வார விடுமுறை நாட்களில் கடலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள முன்னாள் வீரர்களுக்குச் சுயவிவரம் எழுதிக் கொடுத்து வருகிறேன். கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. என்னைத் தேடி வருகிறவர்களிடம் நான் கேட்பதும் இதே தாள்களைத்தான். கூடவே, தாங்கள் நிஜமாகவே கையால் செய்த பத்து வேலைகளை ஒரு காகிதத்தில் தமிழில் எழுதிக்கொண்டு வரச் சொல்கிறேன்.